மனவடுவும் பாட்டும்: பான்ஸி மருத்துவமனையின் ஒலிப்பதிவுக் கூடம்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கெல்லையில், கிவு ஏரியின் தென்கரையில் உள்ள புக்காவு நகரத்துப் பான்ஸி மருத்துவமனையில், 2015ஆம் ஆண்டு முதல் ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் சிகிச்சையின் உறுப்பாக இயங்கி வந்துள்ளது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள், உளநல ஆலோசகர் ஒருவரும் இசைத் தயாரிப்பாளர் ஒருவரும் உடனிருக்க, அங்கே தாமே பாட்டுக் கட்டுகின்றனர்; தாமே பாடி அதைப் பதிவுசெய்கின்றனர். போர்க்கொடுமைக்கு ஆளானோரின் உள்ளத்தைத் தேற்ற இசை உதவும் என்பது புதிய செய்தி அன்று. ஆனால் பிறர் இசையைக் கேட்பதற்கும் தம் பாட்டைத் தாமே கட்டுவதற்கும் வேறுபாடு உண்டு; கட்டிய பாட்டைப் பாடுவதற்கும் அதைப் பதிவாக்குவதற்கும் அதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. இவ்வுரை அந்த இரண்டாம் வேறுபாட்டையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவரிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் அவர் கைக்குத் திரும்பும் இடம் ஒலிப்பதிவே என்பதும், கவனம் தவறினால் அது இரண்டாம் முறை பறிபோகும் இடமும் அதுவே என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை அடுத்து அகதிகளும், அவர்களோடு ஆயுதக் குழுக்களும் எல்லை தாண்டிக் கிவு மாகாணங்களுக்குள் வந்தபின், அந்நிலத்தில் போர் ஓயவில்லை. 1996 அக்டோபரில் லெமேரா மருத்துவமனை தாக்கப்பட்டு, படுக்கையில் கிடந்த நோயாளிகளும் அங்குப் பணியாற்றியோரும் கொல்லப்பட்டனர். அம்மருத்துவமனையை நடத்திவந்த மகப்பேறு மருத்துவர் டெனிஸ் முக்வெகே உயிர் தப்பி, 1999இல் புக்காவு நகரின் பான்ஸி பகுதியில் புதிய மருத்துவமனையைத் தொடங்கினார். பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் முதலில் வந்து சேர்ந்தவர் பேறுக்காக வந்தவர் அல்லர், வன்புணர்வுக்குப் பின் சுடப்பட்ட ஒரு பெண். அதன் பின்னர் அங்கு வந்த பலருக்குச் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலோ மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலோ சதை கிழிந்து துளை விழுந்திருந்தது. ஃபிஸ்டுலா எனப்படும் இந்நிலையில் கழிவு கட்டுப்பாடின்றி வடிந்துகொண்டே இருக்கும். பாதிக்கப்பட்டவரைக் கணவனும் ஊரும் ஒதுக்கிவைப்பதும் அதனோடு சேர்ந்தே நிகழும். முக்வெகேயின் அறுவைத்திறன் அத்துளையை மூடியது. அதற்காகவும், போரில் பாலியல் வன்முறையை ஆயுதமாக்குவதற்கு எதிராக அவர் எழுப்பிய குரலுக்காகவும் 2018இல் மனித உரிமைச் செயற்பாட்டாளர் நாதியா முராதுடன் இணைத்து அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் உடல் தேறிய பின்பும் பேசாமல் ஒடுங்கிக் கிடந்தவர்களை நோக்கும்போது அறுவை மட்டும் போதாது என்பது விளங்கியதால், மருத்துவம், உளநலத் துணை, சட்ட உதவி, பிழைப்புக்கான வழி ஆகிய நான்கையும் ஒன்றாகத் தரும் முறையை அம்மருத்துவமனை வகுத்துக்கொண்டது. ஒலிப்பதிவுக் கூடம் இம்முறையின் இரண்டாம் பகுதிக்குள் வந்து சேர்ந்தது.

இசைச் சிகிச்சை என்பது பயிற்சிபெற்ற ஒருவர், நலம் குன்றிய ஒருவரோடு, வரையறுத்த ஒரு மருத்துவ நோக்கத்துக்காக இசையைக் கையாள்வதாகும். நோயாளியின் அறையில் இனிய பாட்டை ஒலிக்கவிடுவது மட்டும் இசைச் சிகிச்சை ஆகாது. தொழில்துறை என்னும் நிலையில் இது இரண்டாம் உலகப்போரின் விளைவு. போரிலிருந்து திரும்பிய வீரர்களால் அமெரிக்க மருத்துவமனைகள் நிறைந்த காலத்தில், 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கெனப் பாடத்திட்டம் அமைத்தது; 1950இல் தேசியச் சங்கம் ஒன்றும் தோன்றியது. அவ்வீரர்களைப் பீடித்த நோய்க்கு முறையான பெயர் அமைய மேலும் முப்பதாண்டுகள் ஆயின. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்னும் நோய், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் 1980இல்தான் இடம்பெற்றது. பெயர் வருமுன்பே மருந்து தேடப்பட்ட நோய்களுள் இதுவும் ஒன்று.

மனவடு என்று இங்குச் சுட்டப்படுவது துயரத்தின் மிகுதியை அன்று. துயரம் காலத்தோடு நகரும். நடந்தது நடந்து முடிந்தது என்னும் உணர்வு அதில் இருக்கும். மனவடு உற்றவரிடம் நடந்தது முடிவதில்லை. ஒரு மணமோ காலடி ஓசையோ உடலை அந்த நொடிக்கே இழுத்துச் செல்கிறது. நினைவு கதையாகக் கோவைப்படாமல் துண்டுதுண்டாக, படமாகவும் நடுக்கமாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. 1996இல் ஸ்காட் ரௌச்சும் பெசல் வான் டெர் கோல்க்கும் பிறரும் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வில், தம் அனுபவ விவரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த எட்டு நோயாளிகளிடம், பேச்சை உருவாக்குவதில் பங்குகொள்ளும் புரோக்கா பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. எட்டுப்பேரிடம் செய்த ஆய்வைக் கொண்டு பொதுவிதி வகுப்பது முறையன்று. ஆனால் சிகிச்சை அறைகளில் நெடுங்காலமாகக் காணப்பட்டு வந்த ஓர் உண்மைக்கு, அதாவது சொல்ல விரும்பியும் சொல் வராமல் நிற்கும் நிலைக்கு, உடற்கூற்று விளக்கம் ஒன்று உண்டு என்பதை அது காட்டியது. உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய மனவடுவும் மீட்சியும் பற்றிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், அதன்பின் வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல். இம்மூன்றையும் தழுவிய கருத்தாக அவர் வற்புறுத்தியது ஒன்றே. வன்முறை ஒருவரின் ஆற்றலைப் பறித்து அவரைத் தனிமையாக்குகிறது. ஆகவே ஆற்றலை அவரிடமே திருப்பித் தராத எந்த உதவியும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், மருந்தாகாது.

பாட்டு இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. வன்முறைக்கு ஆளான பெண் காவலரிடமும் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும், கிழக்குக் காங்கோவைப் பொறுத்தவரை செய்தியாளரிடமும் தொண்டு நிறுவன அலுவலரிடமும், நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அக்கேள்விகளுக்கு அவர் தேவைப்படுவது சாட்சியாக மட்டுமே. பாட்டோ எதையும் வரிசையாகக் கேட்பதில்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது, தன்னைப் பற்றிப் பாடுவதா ஆற்றையோ தாயையோ பற்றிப் பாடுவதா என்பன எல்லாம் கட்டுபவரின் விருப்பம். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் சொல் மறந்தாலும் நிற்க ஓர் இடம் உண்டு. தாளம் முன்னே ஓடிக்கொண்டிருப்பதால், நினைவில் உறைந்துபோன ஒன்று காலத்துக்குள் வந்து நகரத் தொடங்குகிறது. உடல்நிலையிலும் இதற்கு அடிப்படை உண்டு. பாடுவதற்கு மூச்சைச் சுருக்கி இழுத்து நீட்டி விடவேண்டும். வெளிமூச்சு நீளும்போது, உடலை அமைதிப்படுத்தும் நரம்புத் தொகுதி வலுப்பெற்று இதயத் துடிப்பு தணிகிறது. இவை அனைத்தினும் முக்கியமானது, குழுவில் ஒருவர் கட்டிய பல்லவியை மற்றவர்கள் சேர்ந்து பாடும்போது, அவர் தனக்கு மட்டுமே உரியதென்று நினைத்திருந்த வெட்கம் பலர் வாயால் ஒலிப்பதை அவரே கேட்பதாகும்.

இதனால் இசை தன்னளவிலேயே நலம் தருவது என்று கொள்ளவேண்டா. எல்லைக்கு அப்பால் ருவாண்டாவில், புகழ்பெற்ற பாடகர் சிமோன் பிகிண்டியின் பாடல்கள் 1994இன் வெறுப்புப் பரப்புரையில் வானொலியில் ஒலித்தன. இனப்படுகொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காகப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2008இல் அவருக்குத் தண்டனை அளித்தது. ஆனால் அத்தண்டனைக்கு அடிப்படையானது ஒலிபெருக்கியில் அவர் பேசிய பேச்சே, பாடல்கள் அல்ல. அதே பெருந்துயரத்தின் தொடர்ச்சியில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் அண்டை நாட்டில் பாட்டைச் சிகிச்சையாக ஏற்றிருக்கின்றனர் என்பதைக் கருதும்போது, பாட்டு யார் கையில், எந்த முறையில், யாருக்காக என்னும் கேள்விகளே இத்துறையின் உயிர்க் கேள்விகள் என்பது தெளிவாகும்.

பான்ஸியில் நடைபெறும் திட்டத்துக்கு ஹீலிங் இன் ஹார்மனி என்று பெயர். கனடாவைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் டார்சி ஆட்டமன் நிறுவிய மேக் மியூசிக் மேட்டர் என்னும் அமைப்பு மருத்துவமனையோடும் அதன் அறக்கட்டளையோடும் சேர்ந்து இதை உருவாக்கியது. இதன் அமைப்பில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, உளநல ஆலோசகரும் இசைத் தயாரிப்பாளரும் ஒரே அறையில் இணையாகப் பணியாற்றுவது: முன்னவர் பேச்சு எங்கே போகிறது, யார் நடுங்குகிறார், எப்போது நிறுத்தவேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறார்; பின்னவர் முணுமுணுத்த ஓர் அடிக்கு மெட்டும் தாளமும் அமைய உதவுகிறார். மற்றொன்று, அங்கே வருபவர்களை நோயாளிகள் என்றோ பாதிக்கப்பட்டோர் என்றோ அழைக்காமல் கலைஞர்கள் என்றே அழைப்பது. பல ஆண்டுகளாக ஊர் தனக்குச் சூட்டிய பெயரிலேயே வாழ்ந்தவருக்கு, வேலை செய்பவர் என்னும் நிலையில் ஒரு பெயர் கிடைப்பது சிறு செய்தி அன்று.

ஒலிப்பதிவின் செயல்முறையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். தயாரிப்பாளர் முதலில் தாளத்தையும் அடிப்படைச் சுருதியையும் கணினியில் அமைத்துக்கொள்கிறார். பாடுபவர் காதுகளில் ஹெட்போன் அணிந்து மைக்கின் முன் நிற்கிறார். வெளியுலகின் ஓசை அடங்கி, தாளமும் தம் குரலும் மட்டுமே அவருக்குக் கேட்கின்றன. பலருக்குத் தம் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுவே முதல் முறையாக இருக்கும். ஒரு முறை பாடி முடிப்பதை ஒரு டேக் என்பர். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்து பாட்டு நின்றுவிட்டால், பதிவும் நிற்கிறது. யாரும் அவரைத் தொடரச் சொல்வதில்லை. பின்னர் அவர் விரும்பினால் முழுவதையும் மீண்டும் பாடலாம். உடைந்த அடியை மட்டும் பாடி அதே இடத்தில் பொருத்தலாம். அல்லது உடைந்த குரலே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். முடிவு அவருடையது. நிறுத்து என்றால் நிற்கும், அழி என்றால் அழியும், இது வேண்டும் என்றால் நிலைக்கும் ஒன்றை அவர் ஆள்கிறார். அவருடைய மறுப்புக்கு எந்த மதிப்பும் தராத நிகழ்வொன்றைக் கடந்து வந்தவருக்கு, தம் சொல்லுக்குப் பதிவு ஒவ்வொரு முறையும் கட்டுப்படுவது எத்தகைய மருந்து என்பதை விளக்கத் தேவையில்லை. பதிவு முடிந்த பின் கலவை நடக்கிறது. குரலுக்கு எவ்வளவு இடம், கருவிக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிக்கும் அவ்வேலையிலும் அவர் கருத்துக் கேட்கப்படும்போதுதான் அதிகாரம் முழுமையாகத் திரும்புகிறது.

உளச்சிகிச்சையில் ஒலிப்பதிவைக் கையாள்வது பான்ஸியில் தோன்றியது அன்று. சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் வதைக்கப்பட்ட அரசியல் கைதிகளின் வாக்குமூலங்களை நாடாவில் பதிந்து, எழுத்தாக்கி, அவர்களோடு சேர்ந்தே திருத்தி அமைத்த முறையைப் பற்றிச் சிலி நாட்டு உளவியலாளர் இருவர் 1983இல் புனைபெயர்களில் கட்டுரை வெளியிட்டனர். புனைபெயர் தேவைப்பட்டதே அக்காலத்தின் நிலையைச் சொல்லும். அமெரிக்காவில் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையிலும், நோயாளி நிகழ்வை விவரிக்கும் குரல் பதியப்பட்டு, அவர் அதை வீட்டில் நாள்தோறும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. அஞ்சி விலகும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும்போது அச்சம் தணியும் என்பது அதன் அடிப்படை. பாட்டின் பதிவும் இவ்வேலையைச் செய்கிறது. ஆனால் வேறொரு வழியில் செய்கிறது. வாக்குமூலப் பதிவில் கேட்பது காயம். பாட்டின் பதிவில் கேட்பது காயத்தைக் கொண்டு தாம் ஆக்கிய பொருள். முன்னதைப் பிறர்முன் ஒலிக்கவிடப் பலரும் விரும்பார். பின்னதை அண்டைவீட்டாருக்குப் போட்டுக் காட்டுவதில் பெருமையும் உண்டு. ஹெர்மன் குறிப்பிட்ட மூன்றாம் கட்டத்தை, அதாவது மனிதரோடு மீண்டும் இணைதலை, பதிவான பாட்டு எளிதாக்குவது இதனால்தான்.

சான்றுகள் என்ன சொல்கின்றன என்பதை மிகைப்படுத்தாமல் கூறவேண்டும். தென்கிவு மாகாணத்தின் மூமோஷோ என்னும் கிராமப் பகுதியில் இத்திட்டத்தில் பங்கேற்ற 167 பெண்களைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் தொடங்காமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, சிகிச்சை பெற்றவர்களைக் காத்திருப்பவர்களோடு ஒப்பிடும் படிநிலை முறையில் அது அமைந்தது. மனச்சோர்வு, பதற்றம், மனவடுவின் அறிகுறிகள் ஆகிய மூன்றும் குறைந்ததும், திட்டம் முடிந்து ஆறு மாதம் வரை அம்முன்னேற்றம் நீடித்ததும், அப்பகுதியின் பாதுகாப்பின்மை தொடர்ந்த நிலையிலும் அவ்வாறு நீடித்ததும் அதன் முடிவுகள். இவை பங்கேற்றவர்கள் தாமே கூறிய விடைகளால் அளக்கப்பட்டவை. குழுவின் அரவணைப்பால் வந்த நலம் எவ்வளவு, பாட்டால் வந்தது எவ்வளவு, பதிவால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வு இனிமேல்தான் செய்யப்படவேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டாவில் உள்ள படைத்துறை மருத்துவ மையத்தில், மூளைக்காயமும் மனவடுவும் உற்ற பதினொரு படைவீரர்கள் இசைச் சிகிச்சையில் கட்டிய 14 பாடல்களை ஜோக் பிராட் குழுவினர் 2019இல் ஆராய்ந்தனர். எண்ணிக்கை சிறிது; எனினும் வீட்டாரோடு அறுந்துபோன உறவைப் பற்றிய ஏக்கமும், மீண்டு எழும் உறுதியும் அவற்றில் இடம்பெற்றிருந்தமை கருதத்தக்கது.

அமெரிக்காவிலேயே சிகிச்சைத் துறைக்கு வெளியே வேறொரு வழியும் உண்டு. டார்டன் ஸ்மித் என்னும் பாடலாசிரியர் தொடங்கிய அமைப்பொன்று, முன்னாள் படைவீரர்களைத் தொழில்முறைப் பாடலாசிரியர்களோடு சில நாட்கள் தங்கவைத்து, அவர்கள் கதையைப் பாட்டாக்குகிறது. அவ்வழியில் உருவான பாடல்களைக் கொண்டு மேரி கோஷே 2018இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு கிராமி விருதுப் பரிந்துரை வரை சென்றது. பாடலின் தரம் என்னும் நோக்கில் இவை உயர்ந்தவை. ஆனால் தேர்ந்த கை ஒன்று சொல்லைச் செப்பம் செய்யும்போது, அது யாருடைய பாட்டு என்னும் கேள்வி எழாமல் போகாது. சிகிச்சை அறையில் பாடலின் அழகைவிட அதைக் கட்டியவரின் உரிமையே முதலில் வரவேண்டும். தட்டுத்தடுமாறிய ஓர் அடியை, அது அவருடையது என்பதற்காகவே, திருத்தாமல் விடும் பொறுமை சிகிச்சையாளருக்கு வேண்டும்.

பதிவின் ஆபத்தும் இங்கிருந்தே தொடங்குகிறது. காற்றில் கரையும் பாட்டைக் கேட்டவர் மறந்துவிடலாம். பதிவோ வானொலிக்கும் கைபேசிக்கும் இணையத்துக்கும் போய்ச் சேரும். குற்றம் செய்தவன் அடுத்த ஊரில் ஆயுதத்தோடு நடமாடும் நாட்டில், குரலை அடையாளம் காண்பது அரிய செயல் அன்று. இன்று மனம் ஒப்பி வெளியிட்டவர், பிள்ளை வளர்ந்த பின் அப்பாட்டு இல்லாதிருந்தால் நன்று என எண்ணக்கூடும். நன்கொடை தருவோருக்குத் துயரம் பிடிக்கும். ஆகவே மிகக் கொடிய விவரத்தைப் பாட்டில் வைக்கச் சொல்லும் மறைமுக வற்புறுத்தலும், கண்ணீர் விட்ட டேக்கையே தேர்ந்தெடுக்கும் ஆசையும் எந்த நிறுவனத்தையும் தொடரக்கூடியவை. இவற்றுக்கு இடம் கொடுத்தால் பாதிக்கப்பட்டவர் மீண்டும் பிறர் பயனுக்கான பொருளாகிறார். எனவே ஒப்புதல் என்பது தொடக்கத்தில் ஒருமுறை கையொப்பம் பெறுவதோடு முடிவதன்று; பதியும்போதும், கலக்கும்போதும், வெளியிடும்போதும் தனித்தனியே கேட்கப்படவேண்டியது. பதிந்த பாட்டை வெளியிடாமல் தம்மிடமே வைத்துக்கொள்ளவும், பெயர் மாற்றி வெளியிடவும், குழுவில் அமர்ந்து ஒன்றுமே பாடாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பாடலின் பதிப்புரிமையும், அதிலிருந்து பணம் வந்தால் அப்பணமும் அவருக்கே உரியவை. இவற்றை ஏற்காத திட்டத்தைச் சிகிச்சை என்று அழைப்பது தகாது.

தமிழருக்கும் இப்பொருளோடு உண்மையான தொடர்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வட இலங்கையின் போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் உளநிலையில் சிதைத்தமையைக் கூட்டு மனவடு என்னும் கருத்தால் விளக்கியவர். சாவீட்டுச் சடங்குகளும் ஒப்பாரியும் துக்கத்தை வெளிக்கொணரும் மருந்தாகப் பயன்பட்டமையையும் அவர் எழுத்துகள் எடுத்துக்காட்டுகின்றன. ஒப்பாரியில் பெண்கள் கட்டிப்பிடித்துப் பாடும்போது, இழந்தவரின் துயரத்தை ஊர் முழுவதும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவ்வடிவம் சாவுக்கு உரியது. காணாமற் போனவருக்கு ஒப்பாரி வைக்க மனம் ஒப்பாது. வன்புணர்வுக்கு ஆளானவருக்காகப் பாட எந்த ஊரிலும் மரபான பாட்டு இல்லை, கூடி அழ ஒரு நாள் இல்லை, உடனிருந்து பாடும் உரிமை பெற்றவர் இல்லை. காங்கோவிலும் நிலை இதுவே. மரபு கைவிட்ட இழப்புக்குப் புதிதாகவே பாட்டுக் கட்டவேண்டியிருக்கிறது என்பதும், அதைக் கட்டுபவர் பாதிக்கப்பட்டவரேயாக இருக்கவேண்டும் என்பதும் ஒலிப்பதிவுக் கூடத்தின் தேவைக்கு வலுவான காரணங்கள். போரின் மனவடுவோடு வாழும் தமிழ்ப் பெண்களுக்காகப் பணியாற்றும் உளநலத் துறையினர் இம்முறையை, மேலே சொன்ன காப்புகளோடு, கற்றுக் கையாளவேண்டும்.

ஆயினும் சிகிச்சை நீதிக்கு ஈடாகாது. பாட்டுக் கட்டித் தேறிய பெண் திரும்பிச் செல்லும் சாலையில் அதே ஆயுதக் குழு நிற்குமாயின், மருத்துவமனை தன் பணியை முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகிறது. 1993 முதல் 2003 வரை காங்கோவில் நடந்த 617 கொடுஞ்செயல்களைத் தொகுத்து ஐக்கிய நாடுகள் அவை 2010இல் அறிக்கை வெளியிட்டது. அதன்மேல் நடவடிக்கை வேண்டும் என்று முக்வெகே 2018இல் ஆஸ்லோவில் நோபல் மேடையிலேயே கேட்டார். 2025 பிப்ரவரியில் புக்காவு நகரமே எம்23 என்னும் ஆயுதக் குழுவின் கைக்குப் போயிற்று. 2010இன் அந்த அறிக்கையில் உள்ள குற்றங்களை விசாரிக்கப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் எதுவும் அமைக்கப்படவில்லை.